வழக்கிலுள்ள நிலத்தில் வாழ்வது: கற்பனை உலகின் எல்லைப்புறத்தை எண்ணிப் பார்க்க ஓர் அறிமுகம்

பெங்களூரில் தமிழில் கற்பனைக் கதைகள் எழுத முயலும் இளைஞர்கள் சிலர் ஞாயிறுதோறும் மாலையில் கூடித் தங்கள் எழுத்தைப் படித்துக் காட்டுவார்கள். மூத்தவன் என்ற முறையில் நானும் போய் உட்கார்ந்து கேட்பேன். அவர்கள் கொண்டுவரும் கதைகளில் பாதிக்கு மேல் ஒரு வரைபடத்தோடு தொடங்குகின்றன. இரண்டு பேரரசுகள் இருக்கும். நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கும். கோட்டை ஒட்டி ‘எல்லைப்புறம், நூறாண்டுப் போர்’ என்று எழுதியிருக்கும். அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் வீரர்கள், ஒற்றர்கள், மந்திரவாதிகள் என்பார்கள். அந்த வீரர்களுக்கு வேண்டிய நெல்லை யார் விளைவிக்கிறார்கள், விளைந்ததற்கு யார் வரி வாங்குகிறார்கள், அங்கே ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்தால் அது எந்த அரசின் முறைப்படி செல்லுபடியாகும் என்று கேட்டால் பதில் வராது.

குறை அவர்களுடையது மட்டும் அன்று. எல்லை என்ற சொல்லை நாம் அனைவருமே தளர்வாகப் பேசிப் பழகிவிட்டோம். அது மெல்லிய கோடு என்பது ஓர் எண்ணம். அதன் அருகே வாழ்வதென்றால் ஓயாத போரில் வாழ்வது என்பது மற்றோர் எண்ணம். இந்த இரண்டு எண்ணங்களும் கதையைக் கெடுக்கின்றன. உண்மையான எல்லைப்புற மக்களைப் பற்றிய நம் பார்வையையும் கெடுக்கின்றன. இவற்றை விலக்கிவிட்டு, இரண்டு அரசுகள் உரிமை கொண்டாடும் நிலத்தில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழியும் என்பதை முதற்படியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

## பங்காளிகள் வழக்காடும் வீடு

நான் சிறுவனாக இருந்தபோது அல்சூரில் ஓர் ஓட்டுவீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரப் பெரியவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய மகன்கள் இருவரும் வீடு தனக்கே உரியது என்று நீதிமன்றம் போனார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் மூத்தவர் வந்து வாடகை கேட்டார். மாலையில் இளையவர் வந்து, அண்ணனிடம் கொடுத்த பணம் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். சில மாதங்களில் வாடகையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். சில மாதங்களில் ஒருவருக்கு முழுவதும் கொடுத்துவிட்டு மற்றவரைச் சமாதானப்படுத்தக் கூடுதலாகவும் கொஞ்சம் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தாலும் அந்த நோட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

ஓடு உடைந்து அடுப்படியில் மழைநீர் ஒழுகியபோது, வழக்கு முடியட்டும், பார்க்கலாம் என்று இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். நாளைக்கு யார் வந்து காலிசெய்யச் சொல்வார்கள் என்று தெரியாத வீட்டுக்கு நம் காசை ஏன் போடவேண்டும் என்று அம்மாவும் அதைச் சரிசெய்யவில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு குண்டானை வைத்தார். அதே சமயம், அந்த ஆண்டுகளில் எங்களை வெளியேற்றவோ வாடகையை உயர்த்தவோ எவராலும் முடியவில்லை. மூத்தவர் மிரட்டினால் இளையவர் எங்களுக்காகப் பரிந்து பேசுவார். இளையவர் கடிந்தால் மூத்தவர் வாசலில் வந்து நிற்பார். அவரவர் உரிமைக்கு நாங்கள்தான் சாட்சி என்பதால் எங்களைப் பகைத்துக்கொள்ள இருவருக்கும் தயக்கம் இருந்தது.

வழக்கிலுள்ள எல்லைப்புறத்தின் இயல்புகளில் பெரும்பாலானவை அந்த ஓட்டுவீட்டுக்குள்ளேயே இருந்தன. இரண்டு பேருக்குக் கொடுக்கவேண்டிய சுமை, எழுத்துச் சான்றுகளைப் பொன்போலக் காப்பது, நீண்டகாலச் செலவு எதையும் செய்ய அஞ்சுவது, இரு தரப்புக்கும் இடையே கிடைக்கும் சிறிய பேரம் ஆகிய இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

## உரிமையும் பிடியும்

இரண்டு கலைச்சொற்கள் இங்கே தேவைப்படுகின்றன. ஒரு நிலத்தில் இறுதிச் சொல் தன்னுடையதே என்று ஓர் அரசு கொண்டாடும் உரிமைக்கு இறையாண்மை என்று பெயர். அந்த நிலத்தில் உண்மையிலேயே வரியைத் தண்டவும், குற்றவாளியைப் பிடிக்கவும், தீர்ப்பை நிறைவேற்றவும் அந்த அரசுக்கு இருக்கும் வலிமையை நடைமுறைக் கட்டுப்பாடு எனலாம். சுருக்கமாகப் பிடி என்றே சொல்கிறேன். தலைநகரில் இவ்விரண்டும் ஒட்டியே இருப்பதால் அவை வேறு வேறு என்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லைப்புறத்திலோ இவை பிரிந்துவிடுகின்றன. அங்கே இருவருக்கும் உரிமைக்குரல் உண்டு. இருவருக்கும் பிடி அரைகுறை.

பிடி ஏன் தளர்கிறது? அரசின் ஆணை காற்றில் போவதில்லை. அதை ஆளும் மாடும் சுமந்து போகவேண்டியிருக்கிறது. படை நகர்ந்தால் பொதிமாடுகள் நகரவேண்டும். அந்த மாடுகளுக்குத் தீனி வேண்டும். தீனி இல்லாத ஊரைத் தாண்டிப் படை போக முடியாது. இதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே தெளிவான சான்று உண்டு. 1791 மார்ச்சில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. அங்கிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூர்த் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டினத்தை மே மாதத்தில் நெருங்கியும்விட்டது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது; மாடுகள் மடிந்தன; உணவு தீர்ந்தது. அந்தப் படையை நடத்திய காரன்வாலிஸ் தம்முடைய பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துப்போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பவேண்டியதாயிற்று. பின்னர் அந்தப் படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பொதிமாட்டு வணிகர்களான லம்பாடிகள். எந்தக் கொடிக்கும் கட்டுப்படாத அவர்களைத்தான் அக்காலத்துப் படைகள் பெரிதும் நம்பியிருந்தன.

உங்கள் கற்பனை அரசுக்கும் இதே விதி பொருந்தும். தலைநகரிலிருந்து எத்தனை நாள் நடை, வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த மாதம் ஆறு கரைபுரளும் என்பவற்றைத் தீர்மானித்துவிட்டால் பிடி எங்கே தளரும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதனால்தான் எல்லையைக் கோடு என்று எண்ணாமல் பட்டை என்று எண்ணவேண்டும். அந்தப் பட்டையின் அகலமும் நிலையானதன்று. ஆறு வற்றும் கோடையில் இரண்டு அரசுகளின் வரிக்காரர்களும் ஊருக்குள் வந்துவிடுவதால் அது சுருங்கும். ஐப்பசி மழையில் எவரும் வரமுடியாதபோது அது விரியும். ஊர் மக்கள் திருமணத்தையும் சந்தையையும் பஞ்சாயத்தையும் மழைக்காலத்துக்கு ஒதுக்கி வைத்தால், அது ஏன் என்று வாசகருக்கு நீங்கள் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், உரிமை கொண்டாடுவது எளிது, பிடித்து வைப்பது செலவு மிகுந்தது; இந்த இரண்டுக்கும் இடையில் விழும் நிலமே எல்லைப்புறம்.

## தொறுவும் நடுகல்லும்

தமிழில் எழுதுபவர்கள் இதற்கான சான்றை அயல்நாட்டில் போய்த் தேடவேண்டியதில்லை என்பதை அந்த இளைஞர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவேன். நம்முடைய புறத்திணை மரபு போரை ஆநிரை கவர்தலிலிருந்து தொடங்குகிறது. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. பகைவர் நாட்டைப் பிடிப்பதும் கோட்டையை வளைப்பதும் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசைக்கு உறுதியான பொருளியல் காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிடி தளர்ந்த இடத்தில் நிலத்தைப் பறித்தால் அதைக் காவல்காக்க ஆள் வைக்கவேண்டும். நெல்லைப் பறித்தால் சுமக்கவேண்டும். மாடு ஒன்றுதான் தன் காலாலேயே நடந்து வரும் செல்வம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் போய்க் கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் என்று இறங்கினால், இவ்வாறு மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டு இறந்தவர்களுக்கு நட்ட கற்களை இன்றும் பார்க்கலாம். மந்தையைத் ‘தொறு’ என்று குறிக்கும் வட்டெழுத்து வரிகள், இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று சொல்லி நின்றுவிடுகின்றன. பேரரசுகளின் வரலாற்றில் பெயரே வராத மனிதர்கள் அவர்கள். கன்னட நாட்டில் வீரகல் என்று வழங்கும் அதே மரபுக் கற்கள் பெங்களூர்ச் சுற்றுவட்டத்திலும் உண்டு. இந்த மேட்டுநிலம் பல நூற்றாண்டுகள் ஒருவர் பிடியிலிருந்து மற்றவர் பிடிக்கு மாறிக்கொண்டே இருந்தது. பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி வட்டாரம் 1792 உடன்படிக்கையால் மைசூரிடமிருந்து கும்பினிக்குப் போனது அந்த நீண்ட கதையில் ஒரு பக்கம் மட்டுமே.

மாட்டைச் சுற்றி வாழ்க்கை அமைந்தால் வீடும் சட்டமும் அதற்கேற்ப மாறிவிடும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான எல்லைப்புறத்தில் பதினாறாம் நூற்றாண்டில் குடியானவர்கள் தடித்த கற்சுவர் வீடுகளைக் கட்டிக் கீழே மாடுகளையும் மேலே தங்கள் குடும்பத்தையும் வைத்துக்கொண்டார்கள். மாட்டைப் பறிகொடுத்தவர், எரியும் புற்கட்டியை ஈட்டிமுனையில் உயர்த்திக்கொண்டு எல்லை தாண்டித் துரத்த உரிமை இருந்தது. அந்தச் சுடர் தெரிந்தால், இது திருட்டுப் படையெடுப்பு அன்று, முறையான மீட்பு என்று பொருள். வழியிலுள்ளவர்கள் உதவக் கடமைப்பட்டவர்கள். இரண்டு அரசுகளும் தங்கள் சட்டத்தை முழுமையாகச் செலுத்த முடியாத இடத்தில் இப்படி மூன்றாவதாக ஒரு வழக்கம் உருவாகிறது. எல்லைப்புறத்தைச் சட்டமே இல்லாத காடு என்று எழுதுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். சட்டங்கள் அளவுக்கு மீறி இருப்பதுதான் அங்கே சிக்கல்.

## மரக்காலும் மந்திரமும்

இனி ஒரு கற்பனை ஊரை அமைத்துப் பார்ப்போம். மேற்கே குன்றவர் அரசு, கிழக்கே ஏரியவர் அரசு, நடுவே செவ்வாறு, ஆற்றங்கரையில் நடுத்துறை என்ற ஊர். அங்கே காத்தாயி என்ற கைம்பெண் தானியக் கடை வைத்திருக்கிறாள்.

அவள் கடையில் நாம் முதலில் கவனிக்கவேண்டிய பொருள் மரக்கால். அளவை என்பது ஆட்சியின் அடையாளம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும் மரக்காலுக்கே ஆடவல்லான் என்று இறைவன் பெயர் இருக்கிறது. யாருடைய மரக்கால் கடைப்பலகையில் இருக்கிறதோ அவருடைய ஆட்சி அந்தக் கடையில் நடக்கிறது. காத்தாயியிடம் இரண்டு மரக்கால்கள் இருக்கின்றன. குன்றவர் மரக்கால் கொஞ்சம் பெரிது. குன்றவர் வரிக்காரன் வரும் நாளில் சிறியது பானைக்குப் பின்னால் போய்விடும். ஏரியவர் கணக்கன் வரும் நாளில் பெரியதற்கு அதே கதி. ஊர்க்காரர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இந்த இரண்டிலும் நடப்பதில்லை. அவள் மாமியார் காலத்து மூங்கில் படி ஒன்றுக்குத்தான் அங்கே மதிப்பு. இந்த மூன்று அளவைகளையும் வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம், வாளே வேண்டாம்.

அடுத்தது மந்திரம். புதிதாக எழுதுபவர்கள் மந்திரத்தைப் பெரும்பாலும் ஆயுதமாகவே எண்ணுகிறார்கள். அதை ஆட்சிக் கருவியாக எண்ணிப் பார்த்தால் எல்லைப்புறம் உயிர்பெறும் என்பது என் உறுதியான கருத்து. குன்றவர் நாட்டில் வழக்கு மன்றத்தில் ஒரு சாட்சித்தீ எரிகிறது. அதன் முன் பொய் சொன்னால் தீ நீலமாகும். ஏரியவர் நாட்டில் ஒப்பந்தத்தை ஓலையில் எழுதுகிறார்கள். வாக்கு மீறப்பட்டால் ஓலையிலுள்ள எழுத்து மறையும். இரண்டு அற்புதங்களும் தலைநகரில் உடனுக்குடன் நடக்கின்றன. தொலைவு கூடக்கூட அவற்றின் வலிமை குறைகிறது. நடுத்துறையில் சாட்சித்தீ பெரிய பொய்க்கு மட்டும் லேசாக நிறம் மாறும். ஓலையின் எழுத்து மறைய ஓராண்டு ஆகும். ஓர் அரசின் தீர்ப்பும் ஆணையும் செல்லுபடியாகும் பரப்பை அதிகார வரம்பு என்பார்கள். இங்கே அந்த வரம்பைத் தீயின் நிறத்திலேயே அளந்துவிடலாம்.

இதிலிருந்து என்னென்ன கிளைக்கின்றன என்று பாருங்கள். தீயின் நிறம் ஐயத்துக்கிடமானதாக இருப்பதால், அதைப் பார்த்துச் சொல்வதற்கென்று தீப்பார்ப்போர் என ஒரு தொழிலார் உருவாகிறார்கள். அவர்களுக்குக் கையூட்டுக் கொடுக்க ஆட்களும் உருவாகிறார்கள். எழுத்து மறைய ஓராண்டு இருப்பதால், கடனை வாங்கிக்கொண்டு பத்து மாதத்தில் ஆற்றைத் தாண்டி ஓடிவிடும் வணிகன் தோன்றுகிறான். அதைத் தடுக்க ஊரார் மந்திரத்தை நம்பாமல் பிணையாளைக் கேட்கிறார்கள். அக்கரையில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பம் உள்ளவருக்குத்தான் கடன் கிடைக்கும் என்றாகிறது. பெண்ணை ஆற்றுக்கு அப்பால் கட்டிக்கொடுப்பது பாசத்தால் மட்டும் எடுக்கும் முடிவாக இல்லாமல், அந்தக் குடும்பத்தின் வணிக முதலாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இதைப் பற்றி என்ன தோன்றும் என்பதை எழுதினால் மிகச் சிறந்த கதை ஒன்று கிடைக்கும். இதுவரை எங்கள் கூட்டத்தில் எவரும் அதை எழுதவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அரசர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். குன்றவர் அரசன் நடுத்துறையிலேயே ஒரு தீமண்டபம் கட்டினால் தீயின் வலிமை கூடும். அதற்கு மரம் கொண்டுவரும் பொறுப்பு ஊராருக்கு வருகிறது. அவர்கள் மறுப்பதில்லை; ஈர விறகைக் கொண்டுவந்து போடுகிறார்கள். எதிர்க்கும் வலிமை இல்லாத மக்கள் அதிகாரத்தைத் தாமதப்படுத்தும் வழிகள் இவைபோன்றவையே.

அவர்களிடம் இருக்கும் இன்னொரு வலிமையான கருவி, போய்விடுவோம் என்ற சொல். பழைய தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும், குறிப்பாக விசயநகரக் காலத்தில், வரிச்சுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததும், அவர்களைத் திரும்ப அழைக்க வரிச்சலுகை கொடுத்ததும் பதிவாகியுள்ளன. உழுவதற்கு ஆளில்லாத நிலத்தின்மேல் இறையாண்மை இருந்து என்ன பயன்? அக்கரை அரசன் குறைந்த வரிக்கு நிலம் தருகிறேன் என்று சொல்லும்வரை இக்கரை வரிக்காரன் நாவடக்கத்தோடுதான் பேசுவான்.

ஆனால் இந்தப் பேரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். மாடும் வண்டியும் அக்கரையில் உறவும் உள்ளவர் போய்விடுவேன் என்று சொல்லலாம். கூலிக்கு உழைப்பவர் சொன்னால் யார் கேட்பார்கள்? இரு தரப்புக்கும் தண்டும் வரியை ஊர்த்தலைவர் பிரித்துப் போடும்போது ஏழைகளின் தலையில்தான் அதிகம் விழும். படை வரும் நாளில் பெண்கள் படும் அச்சத்துக்குப் பேரமே கிடையாது. எல்லைப்புறத்தை விடுதலை பூத்த நிலமாக அழகுபடுத்தி எழுதுவது, அதை ஓயாத போர்க்களமாக எழுதுவதைப் போலவே பொய்யாகும்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இதுதான்: உங்கள் உலகில் அளவை, சாட்சி, கடன், திருமணம் ஆகியவை யாருடைய அதிகார வரம்பில் நடக்கின்றன என்று முதலில் தீர்மானியுங்கள், மந்திரம் அந்த வரம்பை எங்கே கூட்டுகிறது, எங்கே குறைக்கிறது என்று பிறகு பாருங்கள்.

## கோடு கிழித்த பிறகும்

வரைபடத்தில் தெளிவாகக் கோடு இழுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஆற்றையே எல்லையாக வைத்துக்கொண்டால் ஆறு இடம் மாறும். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக வைத்த ரியோ கிராண்டே ஆறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே விலகியதால் சமிசால் என்ற நிலத்துண்டு எவருக்குரியது என்ற வழக்கு எழுந்தது. அது 1963 உடன்படிக்கையில்தான் முடிந்தது. உங்கள் செவ்வாற்றில் ஒரு நீர்த்தெய்வம் குடியிருந்து, அது தன் விருப்பப்படி ஆற்றைத் திருப்புமானால், இரண்டு அரசர்களும் அதற்கு என்னென்ன படையல் போடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாட்டின் நிலத்துண்டு முழுவதும் இன்னொரு நாட்டால் சூழப்பட்டிருந்தால் அதை உள்ளடங்கு நிலம் எனலாம். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே அத்தகைய துண்டுகள் 162 இருந்தன. 111 இந்தியாவுடையவை, 51 வங்கதேசத்துடையவை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு வரைபடத்தின்படி ஒரு நாடு இருந்தது. ஆனால் அந்த நாட்டின் பள்ளியோ மருத்துவமனையோ காவலரோ அவர்களை வந்தடைய வழியில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவே சூழ்ந்திருக்கும் நாட்டு முகவரி ஒன்றைப் பொய்யாகக் காட்டவேண்டியிருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் இந்தத் துண்டுகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன. கோடு துல்லியமாக இருந்தும் பிடி இல்லாமல் போனதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எங்கள் பெங்களூரே அறுபத்தாறு ஆண்டுகள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது. 1809இல் படைகளுக்காகக் கண்டோன்மென்ட் அமைந்தது. 1881இல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947இல்தான் மைசூருக்குத் திரும்பி, 1949இல் நகரத்தோடு ஒரே மாநகராட்சியாயிற்று. பழைய பேட்டைக்கும் தமிழர்கள் நிறைந்திருந்த கண்டோன்மென்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. அது வழக்கிலிருந்த எல்லை அன்று. ஆயினும் ஒரு பூங்காவைக் கடந்தால் வேறோர் ஆட்சி என்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க விரும்புபவர், அந்த மரங்களின் கீழே ஒரு முறை நடந்துவிட்டு வரலாம்.

## கேட்பவர் மொழியில் பதில்

எல்லைப்புற மக்களின் பற்று இரண்டாகப் பிளந்திருக்கும் என்ற கருத்து மிகப் பரவலானது. கதைகளில் அவர்கள் எப்போதும் யார் பக்கம் நிற்பது என்று தவித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தவிப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து பார்ப்பவருடைய கவலைதான். நடுத்துறைக்காரரின் பற்று முதலில் தம் குடும்பத்துக்கு, பிறகு வயலுக்கு, பிறகு ஊர்த்தெய்வத்துக்கு. அரசர்கள் மழையைப்போல, வருவார்கள், போவார்கள், சில ஆண்டு கெடுப்பார்கள்.

மொழியிலும் இதைக் காணலாம். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவில் ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது ஓசூர் ஒரு பக்கமும், அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் மறுபக்கமும் நின்றன. ஆனால் சம்பந்தங்களும் சந்தைகளும் இந்தக் கோட்டைக் கேட்டு நடந்தவை அல்ல. எங்கள் வீட்டில் அடுப்படியில் தமிழ், வாசலில் கன்னடம், சந்தையில் தெலுங்கு. என் பாட்டி ஒரே மூச்சில் மூன்றிலும் பேரம் பேசுவார். இதைக் குழப்பம் என்று எவராவது சொன்னால் எனக்கு மனம் நோகும், இது தேர்ச்சி. கேட்பவர் மொழியில் பதில் சொல்வது அவருக்கு நாம் தரும் மரியாதை. ஆபத்தான காலத்தில் அதுவே காப்பு.

ஆகவே உங்கள் கற்பனை ஊருக்கு இரண்டு மொழிகளை வைத்தால், எந்த மொழியில் மாட்டை அழைக்கிறார்கள், எதில் தாலாட்டுகிறார்கள், எதில் கணக்குச் சொல்கிறார்கள், எதில் பொய் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். நடுத்துறையில் வரிக்காரனை விருந்தாளி என்று சொல்வார்கள். இன்று எத்தனை விருந்தாளி என்று குழந்தை எந்த மொழியில் உரக்கக் கேட்கிறதோ அதை வைத்தே, பானைக்குப் பின்னால் எந்த மரக்கால் போகவேண்டும் என்று காத்தாயிக்குத் தெரிந்துவிடும்.

## வழக்கு முடியும் நாள்

கடைசியாக, பெரும்பாலான கதைகள் அமைதி உடன்படிக்கையோடு மகிழ்ச்சியாக முடிவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரண்டு அரசுகளுக்கு அது மகிழ்ச்சி. எல்லைப்புறத்துக்கு அது மிக ஆபத்தான நாளாக இருக்கக்கூடும். 1603இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே மன்னரின் கீழ் வந்தபோது, அந்த எல்லைப்புறக் குடும்பங்களின் பழைய வழக்கங்கள் ஒரே நாளில் குற்றங்களாயின, பலர் தூக்கிலிடப்பட்டார்கள், சில குடும்பங்கள் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டன. 2015 பரிமாற்றத்தில் மக்களுக்குத் தங்கள் நாட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்தது. வங்கதேசம் சூழ்ந்த துண்டுகளிலிருந்து இந்தியாவுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள்; மற்றவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு வராமல் நாட்டையே மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கும் ஒரு நாள் முடிந்தது. இளையவருக்குத் தீர்ப்பானது. அந்த மாதமே அவர் ஆள்வைத்து ஓட்டைப் பிரித்துப் புது ஓடு மாற்றினார். பல ஆண்டுகளாக அடுப்படியில் இருந்த குண்டானை அம்மா எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த மாதம் வாடகை இரண்டு மடங்கு என்றார் இளையவர். அப்பா நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அண்ணன் கையெழுத்துள்ள பக்கங்கள் இனிக் கணக்கில் வராது என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் நாங்கள் வேறு தெருவுக்குப் போனோம்.

நடுத்துறையிலும் அந்த நாள் வரும். குன்றவரும் ஏரியவரும் உடன்பட்டு, நில அளப்போர் வந்து காத்தாயியின் களத்துமேட்டில் முளையடித்து, இனி ஏரியவர் மரக்கால்தான் என்று அறிவிப்பார்கள். பெரிய மரக்காலை அவள் என்ன செய்வாள், குன்றவர் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ஆடிக்கு எந்த வழியாக வருவாள், குன்றவர் தீயின் முன் பத்தாண்டுகளாகச் சொன்ன சாட்சிகள் இனி எந்த மன்றத்தில் செல்லும் என்ற கேள்விகளிலிருந்து உங்கள் இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாம்.